பையில் எத்தனை டைல்? ஸ்கிராபிள் கடைசிக் கட்டத்தை அலசும்போது சிமுலேஷன் ஆழத்தை முடிவு செய்வது எப்படி

பையில் இரண்டே டைல். நான் 9 புள்ளி முன்னிலை. கண்ணில் படாத 9 டைலில் (எதிராளி கையில் 7, பையில் 2), போடக் கடினமான கியூவும் ஒன்று. இரண்டு டைலில் நல்ல புள்ளி தரும் ஒரு சொல் கண்ணில் பட்டது. போட்டேன், பையில் இருந்த இரண்டையும் எடுத்தேன். வந்தது கியூ. தோற்றேன்.

வீட்டுக்கு வந்து அந்த நிலையைக் குவாக்கிள் என்ற அலசல் மென்பொருளில் ஏற்றி, வழக்கம்போல இரண்டு பிளை சிமுலேஷன் ஓட்டினேன். நான் போட்ட சொல்லையே முதலிடத்தில் காட்டியது. சரி, நேரம் சரியில்லை என்று படுத்துவிட்டேன். பல நாள் கழித்து ஒரு தாளில் கையால் எண்ணிப் பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது. 9 டைலில் இரண்டை எடுக்க 36 வழி. அதில் 8 வழியில் கியூ என் கைக்கு வரும். ஒரே ஒரு டைலைப் போட்டிருந்தால் 9-இல் ஒரு வழியில்தான் வரும். அதுமட்டுமல்ல, நான் விட்டுவைத்த கடைசி டைலை எதிராளி அடுத்த முறை எடுத்தாக வேண்டும். ஆக, அவர் பாஸ் சொல்லாதவரை, 9-இல் 8 தடவை கியூ அவர் தலையில்தான் விழும். என் சிமுலேஷன் இதைப் பார்க்கவே இல்லை. கருவியைக் குறை சொல்ல முடியாது. தவறான ஆழத்தில் தவறான கேள்வியைக் கேட்டது நான்.

அந்தத் தவறை நீங்கள் செய்யாமலிருக்கத்தான் இந்த வழிகாட்டி. ஆங்கில ஸ்கிராபிளை, இருவர் ஆடும் போட்டி விதிகளோடு மனத்தில் வைத்து எழுதுகிறேன். ஆட்டம் முடிந்த பிறகு செய்யும் அலசல்தான் இது. போட்டி மேசையில் கணினிக்கு இடமில்லை.

முதலில் இரண்டு சொற்கள்

பிளை என்பது ஒருவர் ஒருமுறை ஆடுவது. நீங்கள் ஒரு சொல்லைப் போட்டபின் எதிராளியின் பதிலும் அதற்கு உங்கள் பதிலும் சேர்ந்தால் இரண்டு பிளை. சிமுலேஷன் என்பது ஒத்திகை. எதிராளியின் ரேக்கையும் (அவர் கையில் உள்ள டைல்கள்) பையிலிருந்து வரும் டைல்களையும் கணினி சீட்டுக் குலுக்குவது போல எடுத்து, நீங்கள் பரிசீலிக்கும் ஒவ்வொரு நகர்வுக்கும் பிறகு ஆட்டம் எப்படிப் போகிறது என்று ஆயிரக்கணக்கான முறை ஆடிப் பார்க்கும்.

குறிப்பிட்ட ஆழத்தில் ஒத்திகையை நிறுத்தியதும், அதுவரை வந்த புள்ளியோடு ரேக்கில் எஞ்சிய டைல்களுக்கு ஒரு மதிப்பைக் கூட்டிக்கொள்ளும். அந்த மிச்ச மதிப்புதான் இந்தக் கட்டுரையின் வில்லன். நடுவாட்டத்தில் அது நல்ல பிள்ளை: பிளாங்க் (எந்த எழுத்தாகவும் வைக்கக்கூடிய வெற்று டைல்) கையில் இருந்தால் ஏறத்தாழ 25 புள்ளி, எஸ் இருந்தால் 8 புள்ளி அளவு என்று நியாயமாகவே சொல்லும். ஆனால் பையில் டைல் நிறைய இருக்கும், இனியும் பல முறை ஆடுவோம் என்ற நம்பிக்கையில் பிறந்த எண்கள் இவை. பை வற்றும்போது அந்த நம்பிக்கைக்கு இடமில்லை. பிங்கோ (ஏழு டைலையும் ஒரே முறையில் போடுவது) போட இடமே இல்லாத பலகையில் எஸ்ஸைப் பொத்திப் பொத்தி வைத்திருந்து என்ன பயன்? அதேபோல, கையில் மாட்டிக்கொண்ட கியூவுக்கு அந்த மிச்ச மதிப்பு சில புள்ளி கழிக்கும். ஆனால் எதிராளி முதலில் டைலை முடித்துவிட்டால் உங்கள் கையில் மிஞ்சியதைப் போல இரு மடங்கு அவருக்குப் போகும். கியூவுக்கு மட்டும் அது 20 புள்ளி.

மென்பொருளைப் பற்றி ஒரு வரி. குவாக்கிள் இலவசம், திறமூலம். 2006-இல் டொராண்டோவில் 1995-ஆம் ஆண்டின் உலக சாம்பியன் டேவிட் பாய்ஸை 3-2 என்று வென்றது இதுதான். மகோண்டோவும் திறமூலம், வூகிள்ஸ் என்ற இணைய ஆட்டத் தளத்தின் பின்னால் இருப்பது. கட்டளை வரியில் தட்டச்சு செய்யத் தயங்காதவர்களுக்குக் கடைசிக் கட்டத்தில் இது இன்னும் பொருத்தம். இவற்றுக்கு முன்பே பிரையன் ஷெப்பர்டு எழுதிய மேவன் ஆட்டத்தை மூன்றாகப் பிரித்து ஆடியது: பையில் 9 டைல் வரும்வரை நடுவாட்டம், அதிலிருந்து முடிவுக்கு முந்தைய கட்டம், பை காலியானதும் முடிவாட்டம். ஒவ்வொன்றுக்கும் சிந்திக்கும் முறை வேறு. கணினியே அப்படி மாற்றிக்கொள்ளும்போது நாம் மட்டும் எல்லாவற்றுக்கும் இரண்டு பிளை என்று இருப்பது சோம்பல்தான்.

படி 1: நிலையைப் பிழையில்லாமல் ஏற்றுங்கள்

100 டைலில் பலகையில் இருப்பதையும் உங்கள் ரேக்கையும் கழியுங்கள். மிச்சம் கண்ணில் படாதவை. அதில் எதிராளியின் 7 போக மீதி பையில். இந்த எண்ணும் மென்பொருள் காட்டும் எண்ணும் ஒத்துப்போகவில்லை என்றால் ஒத்திகையைத் தொடங்காதீர்கள். பிளாங்க்கைச் சாதாரண எழுத்தாக ஏற்றிவிடுவதுதான் வழக்கமான தவறு. அடுத்தது சொல் பட்டியல்: காலின்ஸில் ஆடிய ஆட்டத்தை வட அமெரிக்கப் பட்டியலில் அலசினால் முடிவாட்டத்தில் வரும் விடை முழுக்கத் தப்பு. ஸ்கோரும் துல்லியமாக இருக்கட்டும். நடுவாட்டத்தில் 5 புள்ளி பிசகினால் பெரிதாக ஒன்றும் ஆகாது. பையில் ஒரு டைல் இருக்கும்போது அந்த 5 புள்ளிதான் வெற்றியா தோல்வியா என்பதே.

படி 2: பரிசீலிக்கும் நகர்வுகளைக் கையால் சேருங்கள்

மென்பொருள் தரும் பட்டியல் புள்ளியையும் மிச்ச மதிப்பையும் கூட்டி வரிசைப்படுத்தியது. கடைசிக் கட்டத்தில் ஜெயிக்க வைக்கும் நகர்வு அதில் நாற்பதாவது இடத்தில் கிடக்கலாம். மேலே உள்ள பத்தை மட்டும் எடுத்து எத்தனை பிளை ஆழத்துக்குப் போனாலும், பட்டியலில் இல்லாததை எந்த ஒத்திகையும் கண்டுபிடிக்காது.

நான் எப்போதும் தனியாகத் தேடிச் சேர்ப்பவை சில உண்டு. ஒரே டைல் போடும் நகர்வுகள். எதிராளி பிங்கோ போடக்கூடிய வரிசையை அடைப்பவை. கியூ வெளியே இருந்தால், கியூ-ஐ என்ற ஈரெழுத்துச் சொல்லைப் போடக்கூடிய கடைசி இடத்தை மூடுபவை. என் அடுத்த முறைக்கு இரண்டு இடங்களைத் திறந்து வைப்பவை. அவர் ஒன்றைத்தான் அடைக்க முடியும். பையில் ஒன்றோ இரண்டோ இருக்கும்போது பாஸ் கூட ஒரு நகர்வுதான்; நம்பச் சிரமமாக இருந்தாலும் சில நிலைகளில் அதுவே சிறந்தது. டைல் மாற்றுவதை மறந்துவிடலாம்: பையில் 7-க்குக் கீழே போனதும் விதிப்படி அந்தக் கதவு மூடிவிடுகிறது.

படி 3: பையைப் பார்த்து ஆழத்தைத் தேர்ந்தெடுங்கள்

இதுதான் மையம்; கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

பையில் 20-க்கு மேல் இருந்தால் இரண்டு பிளை போதும். ஆழம் கூடக் கூட ஒவ்வொரு பிளையிலும் புதிய டைல்களின் அதிர்ஷ்டம் கலந்து எண்கள் அலைபாயும். அதோடு ஒத்திகைக்குள் ஆடும் இருவரும் யோசிக்கிறவர்கள் அல்லர். புள்ளியும் மிச்ச மதிப்பும் அதிகமாக உள்ளதைக் கண்ணை மூடிக்கொண்டு போடுவார்கள். அடைக்க மாட்டார்கள், பொறி வைக்க மாட்டார்கள். ஆறு பிளை ஓட்டினால் அந்த யோசிக்காத ஆட்டத்தை ஆறு அடுக்கு அடுக்குகிறீர்கள். நிறுத்தும் ஆழம் இரட்டைப்படையாக இருக்கட்டும். மூன்று பிளையில் நிறுத்தினால் கடைசி வார்த்தை எதிராளியுடையது. நீங்கள் திறந்துவிட்ட இடத்தில் அவர் அடித்தது கணக்கில் வரும், நீங்கள் திருப்பி அடிப்பது வராது. தற்காப்பு நகர்வுகள் தேவைக்கு மேல் நன்றாகத் தெரியும்.

பையில் 10 முதல் 20 வரை இருந்தால் நான்கு பிளை என் தொடக்கம். அதை மட்டும் நம்பிவிடுவதில்லை. ஆட்டம் முடியும்வரை ஓடும் ஒத்திகையையும் கூடவே பார்ப்பேன். இரண்டும் ஒரே நகர்வைச் சொன்னால் அடுத்த நிலைக்குப் போகிறேன். முரண்பட்டால் காரணம் பெரும்பாலும் மிச்ச மதிப்புதான். நான்கு பிளையில் முன்னால் நிற்கும் நகர்வு எஸ்ஸையோ பிளாங்க்கையோ கையில் வைத்துக்கொண்டு அதற்கான மதிப்பைக் கடனாக வாங்கியிருக்கும். ஆட்டம் முடியும்வரை ஓடினால் அந்தக் கடன் வசூலாகிறதா என்பது தெரிந்துவிடும்.

பையில் 10-க்குக் கீழே வந்ததும் இடையில் நிறுத்தும் எண்ணத்தையே விடுங்கள். கடைசிவரை ஓட்டுங்கள். குவாக்கிளில் பிளை எண்ணிக்கைப் பட்டியலின் கடைசியில் 'மெனி' என்று இருப்பது அதற்குத்தான். நேரம் பிடிக்குமே என்ற பயம் வேண்டாம். ஒருவர் ஒருமுறைக்குச் சுமார் 4 அல்லது 5 டைல் போடுவார் என்று வைத்துக்கொண்டால், பையில் 9 டைல் இரண்டு முறையில் தீர்ந்துவிடும். அதற்குப் பிறகு கையில் உள்ளவை தீர ஐந்தாறு முறை. மொத்தமே எட்டுப் பிளை அளவுதான். பையில் 50 இருக்கும்போது கடைசிவரை ஓட்டுவதோடு இதை ஒப்பிடவே முடியாது.

இந்தக் கட்டத்தில் மிக மோசமான தேர்வு எது என்று கேட்டால், பை காலியாகும் இடத்தில் சரியாக வந்து நிற்கும் ஆழத்தைச் சொல்வேன். யார் முதலில் முடிக்கிறார், யார் கையில் எது மாட்டுகிறது என்ற கணக்கெல்லாம் அந்தக் கோட்டுக்கு ஒரு அடி அப்பால்தான் இருக்கிறது. அங்கே நிறுத்திவிட்டு, நடுவாட்டத்து மிச்ச மதிப்பைக் கூட்டினால் வரும் எண்ணுக்குப் பொருளே கிடையாது.

இன்னொன்று: இங்கிருந்து சராசரிப் புள்ளியைப் பார்க்காதீர்கள், வெற்றி வாய்ப்பைப் பாருங்கள். 60 புள்ளி முன்னிலையில் இருக்கும்போது சராசரியாக 5 புள்ளி குறைந்தாலும் எதிராளியின் பிங்கோ வழியை அடைப்பதுதான் சரி. பின்தங்கி இருந்தால் கதை தலைகீழ். இடையில் நிறுத்தும் ஒத்திகையில் வெற்றி வாய்ப்பு என்பதே புள்ளி வித்தியாசத்தையும் மீதி டைலையும் வைத்து ஓர் அட்டவணையிலிருந்து எடுத்த மதிப்பீடுதான். கடைசிவரை ஓடியதில்தான் உண்மையாக ஜெயித்ததும் தோற்றதும் எண்ணப்படுகின்றன.

படி 4: எத்தனை சுற்று?

ஆழத்தைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு 200 சுற்றில் (ஒரு சுற்று என்பது ஒருமுறை ஆடிப் பார்ப்பது) நிறுத்துகிறவர்கள் உண்டு. ஒரு சுற்றின் முடிவு சராசரியிலிருந்து 50 புள்ளி அளவுக்கு ஆடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 400 சுற்றில் சராசரியின் பிழை 2.5 புள்ளி, 10,000 சுற்றில் அரைப் புள்ளி. வெற்றி வாய்ப்பு பாதிக்குப் பாதி என்ற நிலையில் 1,000 சுற்றில் பிழை சுமார் 1.6 சதவீதம், 10,000-இல் 0.5 சதவீதம். பிழையைப் பாதியாக்க நான்கு மடங்கு சுற்று வேண்டும்; அதனால் ஒரு அளவுக்கு மேல் காத்திருப்பதில் பயனில்லை. ஒரே சுற்றில் எல்லா நகர்வுகளையும் ஒரே ரேக்குக்கும் ஒரே டைல் வரிசைக்கும் எதிராக ஓட்டும் குவாக்கிள் போன்றவற்றில், இரண்டு நகர்வுகளுக்கு இடையிலான வித்தியாசம் இதைவிட விரைவாகத் தெளிவாகும். 300 சுற்றுக்குப் பிறகு மிகவும் பின்தங்கியவற்றை நீக்கிவிட்டு மூன்று நான்கை மட்டும் நீண்ட நேரம் ஓட விடுவது என் பழக்கம்.

படி 5: எதிராளி முட்டாள் இல்லை

ஒத்திகை எதிராளிக்குக் கண்ணை மூடிக்கொண்டு ரேக் கொடுக்கும். ஆனால் அவர் சென்ற முறை என்ன செய்தார் என்பது உங்களுக்குத் தெரியும். ஒரே ஒரு டைலை 6 புள்ளிக்குப் போட்டுவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருந்தால், மீதி ஆறும் பிங்கோவுக்குக் காத்திருக்கும் நல்ல டைல்கள் என்றுதான் பொருள். எஸ் போட்டால் 40 புள்ளி கிடைக்கும் இடத்தை விட்டுவிட்டார் என்றால், அப்போது அவரிடம் எஸ் இல்லை. குவாக்கிளில் எதிராளி ரேக்கின் ஒரு பகுதியை நீங்களே நிரப்பிவிட்டு ஓட்டலாம். இரண்டு பிளையிலிருந்து ஆறுக்குப் போவதால் மாறாத விடை, இந்த ஊகத்தை நிரப்பியதும் மாறியதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

எதிர்ப்பக்கமும் உண்டு. இரண்டு முறையில் முடிக்கலாம் என்று நீங்கள் ஓர் இடத்தைத் திறந்து வைத்தால், ஒத்திகையின் எதிராளி அதைக் கண்டுகொள்ள மாட்டார். உண்மையான எதிராளியோ டைல்களைக் குறித்துக்கொண்டே வந்திருப்பார். பை காலியானதும் உங்கள் கையில் இருப்பது அவருக்கு எழுத்துக்கு எழுத்து தெரியும். உடனே அடைப்பார். ஆகவே 'இடம் திறக்கும்' நகர்வு ஒத்திகையில் மயிரிழையில் ஜெயித்தால் அதை நம்பாதீர்கள்.

படி 6: பையில் நான்குக்குள் வந்தால் ஒத்திகையை விட்டுவிட்டு எண்ணுங்கள்

பையில் ஒரு டைல் என்றால் கண்ணில் படாதவை 8. எது பையில் என்பதற்கு எட்டே வாய்ப்பு. இரண்டு என்றால் 36 ரேக்; எடுக்கும் வரிசையையும் சேர்த்தால் 72. மூன்று என்றால் 120 ரேக், வரிசையோடு 720. நான்கு என்றால் 330, வரிசையோடு 7,920. ஐந்தில் 792 ரேக், வரிசையோடு 95,040. ஏழுக்குப் போனால் வரிசையோடு ஒரு கோடியே எழுபது லட்சத்தைத் தாண்டிவிடும். எண்ணுவதற்கும் குலுக்குவதற்கும் நடுவிலான எல்லைக்கோடு எங்கே இருக்கிறது என்பதை இந்த எண்களே சொல்லிவிடுகின்றன.

இரண்டு டைல் இருக்கும்போது 10,000 சுற்று ஓட்டினால் அதே 72 பங்கீட்டை ஒவ்வொன்றும் ஏறக்குறைய 140 தடவை ஆடுகிறீர்கள், அதுவும் யோசிக்காத ஆட்டக்காரர்களை வைத்து. ஒரே தவறை 140 தடவை செய்தால் அது சரியாகிவிடாது. மகோண்டோவில் இந்தக் கட்டத்துக்கென்றே தனித் தீர்வி இருக்கிறது: ஒவ்வொரு பங்கீட்டையும் எடுத்து, அதற்குப் பிந்தைய முடிவாட்டத்தைத் தீர்த்து, எத்தனையில் வெற்றி என்று எண்ணும்.

பையில் ஒன்று என்றால் கையாலேயே செய்யலாம்; மேசையில் உட்கார்ந்திருக்கும்போதும் கைகொடுக்கும் பயிற்சி இது. தாளில் எட்டு வரி போடுங்கள். ஒவ்வொரு வரியிலும் உங்களுக்கு வரும் டைல், அப்போது எதிராளி கையில் இருக்கும் ஏழு, அவருடைய சிறந்த பதில், கடைசி வித்தியாசம். நீங்கள் போட்டு டைலை எடுத்ததும் இருவருக்கும் எல்லாம் தெரிந்துவிடுவதால் ஊகத்துக்கு இடமே இல்லை. வெற்றிக்கு 1, சமனுக்கு அரை. கண்ணில் படாதவற்றில் இரண்டு ஈ டைல் இருந்தால் அந்த வரிக்கு இரட்டை எடை. முதல் நகர்வு ஜெயிக்கும் எல்லா வரியிலும் இரண்டாவதும் ஜெயித்து, கூடுதலாக ஒன்றிலும் ஜெயித்தால் முதலாவதை அடித்துவிடுங்கள். அதன்பின் படி 5-இல் சொன்ன ஊகத்தை வைத்து வரிகளின் எடையைக் கூட்டிக் குறையுங்கள். 25 நிமிடக் கடிகாரத்தில் கடைசி மூன்று நிமிடத்தை இதற்கு ஒதுக்கி வைக்க முடிந்தால், அதைவிட நல்ல முதலீடு இல்லை. நேரம் தாண்டினால் நிமிடத்துக்கு 10 புள்ளி போய்விடும் என்பதும் நினைவிருக்கட்டும்.

படி 7: பை காலி. இனி ஆழம் என்றால் உண்மையான ஆழம்

இங்கே அதிர்ஷ்டம் முடிந்தது. சதுரங்கம் போல, இரண்டு கையும் திறந்திருக்கும் ஆட்டம். சிமுலேஷன் பொத்தானைத் தொடவே வேண்டாம். முடிவாட்டத் தீர்வியை ஓட்டுங்கள். அதிலும் பிளை என்ற எண் வரும், ஆனால் பொருள் வேறு. ஒத்திகையில் ஆழம் கூடினால் எண்களின் அலைபாய்வு கூடும். தீர்வியில் ஆழம் கூடினால் விடை சரியாகும். ஆகவே இங்கே மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

சாதாரண முடிவாட்டம் ஆறேழு பிளையில் முடிந்துவிடும். எதிராளி மாட்டிக்கொண்டால்தான் நீளும். நீங்கள் ஏழு டைலை ஒவ்வொன்றாகப் போட, அவர் நடுவில் ஆறு முறை பாஸ் சொல்ல, மொத்தம் 13 பிளை.

ஓர் எளிய கணக்கைப் பாருங்கள். நீங்கள் 45 புள்ளி பின்தங்கி இருக்கிறீர்கள். எதிராளி கையில் கியூ மட்டும், போட இடமில்லை. இரண்டு முறையில் முடித்தால் 14-உம் 10-உம், ஆக 24. அவர் கியூவுக்கு 20. மொத்தம் 44, ஒரு புள்ளியில் தோல்வி. அதே டைல்களை நான்கு முறையாகப் பிரித்து 8, 9, 7, 6 என்று எடுத்தால் 30. கியூவின் 20 சேர்த்து 50, ஐந்து புள்ளியில் வெற்றி. முதல் வழி மூன்று பிளையில் முடிகிறது; இரண்டாவதற்கு ஏழு வேண்டும். தீர்வியை நான்கு பிளையில் நிறுத்தி வைத்திருந்தால், இரண்டாவது வழியில் 8-உம் 9-உம் மட்டும் அதன் கண்ணுக்குத் தெரியும். 7, 6, அந்த 20 எதுவும் தெரியாது. ஒரு புள்ளியில் தோற்கும் வழியைச் சிறந்தது என்று காட்டிவிட்டு நிற்கும்.